கத்திரி வெயிலும் காரின் ஆயிலும்: வேலூர்ச் சாலைகளுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

வேலூரில் கார் வைத்திருப்பவர்கள் பலர் எஞ்சின் ஆயில் மாற்றும் நேரத்தில் ஒரே வாதத்தைத்தான் முன்வைக்கிறார்கள்: இது வெயில் ஊர், மெல்லிய ஆயில் தாங்காது, கெட்டியான ஆயில்தான் ஊற்ற வேண்டும். மே மாதத்தில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமாகிவிட்ட ஊரில் இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. இந்த வாதத்தின் முதல் பாதி உண்மை. முடிவு மட்டும் தவறு. வெயிலும் நெரிசலும் ஆயிலின் ஆயுளைக் குறைக்கின்றன என்பதால் நாம் கூட்ட வேண்டியது ஆயிலின் தரத்தை, குறைக்க வேண்டியது அதை மாற்றும் இடைவெளியை. தடிமனைப் பொறுத்தவரை எஞ்சினை வடிவமைத்தவர் சொன்னதை மீற, மிகச் சில கார்களுக்குத்தான் காரணம் இருக்கிறது.

காட்பாடி சாலையிலோ ஆற்காடு சாலையிலோ உள்ள ஒரு நல்ல உதிரிபாகக் கடையில் நின்று கேட்டால், 0டபிள்யூ-16 தொடங்கி 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 வரை வரிசையாக எடுத்து வைப்பார்கள். அவற்றுள் மினரல், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக் என்ற பிரிவு வேறு. பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று என்ற பிரிவு வேறு. வாங்குபவர் பெரும்பாலும் விலையைப் பார்த்தோ, மெக்கானிக் சொல்லும் பெயரைக் கேட்டோ முடிவெடுத்துவிடுகிறார். டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் மூன்று செய்திகளைப் படிக்கத் தெரிந்தால் அந்த முடிவை அவரே எடுக்கலாம்: தடிமன் எண், தரக் குறியீடு, அடிப்படை எண்ணெயின் வகை. இவற்றுள் தடிமன் எண்ணைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். அதனால் அதையே முதலில் விரிவாகப் பார்ப்போம்.

எண்கள் சொல்வது என்ன

எஸ்ஏஇ என்ற அமெரிக்க வாகனப் பொறியாளர் அமைப்பு எஞ்சின் ஆயில்களைத் தடிமன் அடிப்படையில் வகைப்படுத்தத் தொடங்கியது 1911-ல். இன்று நடைமுறையில் உள்ள அதன் ஜே300 தரநிலையில், டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் வரும் எண் குளிரில் எஞ்சினைச் சுழற்றும்போது ஆயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் குறிக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியிலிருந்து இறங்க மறுப்பதைப் பார்த்தவர்களுக்கு, குளிரில் எண்ணெய் கெட்டிப்படுவதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இந்தச் சோதனை 5டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 30 டிகிரியிலும், 15டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 15 டிகிரியிலும் செய்யப்படுகிறது. வேலூரில் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் இன்னும் சற்றுக் குளிரலாம், அவ்வளவுதான். ஆகவே ஆயில் உறைந்துபோய் எஞ்சின் சுழலாமல் நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு இங்கே எந்த ஆயிலிலும் இடமில்லை. ஆனால் முதல் எண்ணுக்கு இங்கே பயனே இல்லை என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. அதற்கான காரணத்தைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாவது எண் சூடான எஞ்சினுக்கானது. 100 டிகிரி வெப்பத்தில் ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது அது எவ்வளவு கெட்டி என்பது, எந்த வரம்புக்குள் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு), 30 என்றால் 9.3 முதல் 12.5-க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள் இருக்க வேண்டும். அதாவது 50 எண் கொண்ட ஆயில், சூடான நிலையில் 20 எண் கொண்ட ஆயிலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கெட்டி.

வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில் என்ற வாதம் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. ஓடும் எஞ்சினுக்குள் இருக்கும் ஆயிலின் வெப்பநிலை சாதாரணமாக 90 முதல் 110 டிகிரி வரை இருக்கும்; நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டினால் அதற்கும் மேலே போகும். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் விசிறியும் சேர்ந்து ஒரு வரம்புக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. வெளியே ஊட்டியின் 15 டிகிரியாக இருந்தாலும் வேலூரின் 42 டிகிரியாக இருந்தாலும், ரேடியேட்டரும் விசிறியும் நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில்தான் வேலை செய்கிறது. வெளி வெப்பம் 27 டிகிரி கூடினால் ஆயிலின் வெப்பமும் அப்படியே 27 டிகிரி கூடிவிடுவதில்லை. அப்படிக் கூடுகிறது என்றால் கோளாறு கூலிங் அமைப்பில் இருக்கிறது. அதைக் கெட்டி ஆயில் ஊற்றிச் சரிசெய்ய முடியாது.

இப்போது முதல் எண்ணுக்குத் திரும்புவோம். ஆயில் நிறுவனங்கள் வெளியிடும் விவரத் தாள்களில் 40 டிகிரியில் பாகுத்தன்மை எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். கத்திரி வெயிலில் மரத்தடியில் நிறுத்திவைத்த காரை நண்பகலில் கிளப்பும்போது ஆயில் இருப்பது ஏறத்தாழ அந்த வெப்பநிலையில்தான். அப்போது 0டபிள்யூ-20 ஆயிலின் பாகுத்தன்மை சுமார் 45 சென்டிஸ்டோக். 5டபிள்யூ-30 ஆயிலுக்கு 60 முதல் 70. 20டபிள்யூ-50 ஆயிலுக்கு 150-க்கும் மேல். எஞ்சின் முழுதாகச் சூடேறிய பிறகு தேவைப்படுவதோ 8 முதல் 12 வரைதான். ஆகவே நமக்கு மிகக் கடுமையாகத் தோன்றும் வெயிலில்கூட எஞ்சினின் கணக்கில் ஒவ்வொரு தொடக்கமும் குளிர்ந்த தொடக்கமே, அந்த நேரத்தில் எந்த ஆயிலும் தேவைக்கு மேல் கெட்டியாகத்தான் இருக்கிறது. கிளப்பிய முதல் சில நொடிகளில், கேம் ஷாஃப்ட்டுக்கும் டைமிங் செயின் டென்ஷனருக்கும் டர்போவின் பேரிங்குக்கும் ஆயில் எவ்வளவு விரைவில் போய்ச் சேருகிறது என்பதில் 5டபிள்யூ-க்கும் 20டபிள்யூ-க்கும் இடையே உண்மையான வேறுபாடு உண்டு. தை மாதக் காலையில் அந்த வேறுபாடு இன்னும் பெரியது.

மெல்லிய ஆயிலா, கெட்டி ஆயிலா

சுழலும் பேரிங்குக்கும் அதைத் தாங்கும் உலோகத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய படலமாக நின்று இரண்டும் உரசாமல் காப்பது ஆயிலின் முதல் வேலை. வெப்பத்தை எடுத்துச் செல்வது, கரியையும் துகள்களையும் தன்னுள் மிதக்கவிட்டு ஃபில்டருக்குக் கொண்டுபோவது, வால்வுகளின் நேரத்தை மாற்றும் அமைப்பையும் செயின் டென்ஷனரையும் தன் அழுத்தத்தால் இயக்குவது ஆகியவை மற்ற வேலைகள். முதல் வேலையை மட்டும் நினைத்துப் பார்ப்பவருக்குக் கெட்டி ஆயில் பாதுகாப்பானதாகத் தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. குறுகிய இடைவெளிகளோடு கட்டப்பட்ட புதிய எஞ்சினில் கெட்டி ஆயில் மெதுவாகவே ஓடும், வெப்பத்தையும் மெதுவாகவே எடுத்துச் செல்லும். குளிர்ந்த நிலையில் அழுத்தம் வரம்பை மீறும்போது, பம்ப்பில் உள்ள ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அழுத்தம் காட்டும் முள் உயர்ந்து நிற்பது, போக வேண்டிய இடத்துக்கு ஆயில் போய்விட்டது என்பதற்குச் சான்றாகாது.

எரிபொருள் கணக்கும் உண்டு. கையேட்டில் 0டபிள்யூ-20 என்று உள்ள எஞ்சினில் 20டபிள்யூ-40 ஊற்றினால் மைலேஜ் ஓரிரு சதவீதம் குறையலாம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் கார் 10,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 555 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது. அதில் இரண்டு சதவீதம் என்றால் 11 லிட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,100 ரூபாய். மூன்றரை லிட்டருக்குள் ஆயில் பிடிக்கும் சிறிய காரில், மலிவான ஆயில் வாங்கி மிச்சப்படுத்தியதாக நினைக்கும் பணத்தில் பெரும்பகுதி பெட்ரோல் பங்க்கில் போய்விடுகிறது.

மாருதியின் புதிய கே வரிசை பெட்ரோல் எஞ்சின்கள் சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 பரிந்துரைக்கப்படுவதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள். தண்ணீர் போன்ற ஆயிலை வெளிநாட்டுக் குளிருக்காகச் சொல்லியிருப்பார்கள் என்று அவர்களே ஒரு விளக்கமும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கையேடு இந்தியாவில் விற்கும் காருக்காக இந்தியாவில் அச்சிடப்பட்டது. ராஜஸ்தானின் கோடையும் வேலூரின் கோடையும் அதை எழுதியவர்களுக்குத் தெரியாதவை அல்ல. அந்த எஞ்சினின் பம்ப், பேரிங் இடைவெளி, பிஸ்டன் ரிங்கின் இறுக்கம் ஆகியவை அந்த ஆயிலுக்காகவே அமைக்கப்பட்டவை. வாரன்டி முடியாத காரில் இதை மீறுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆனால் கையேட்டை முழுதாகப் படிக்க வேண்டும். பல கார்களின் கையேட்டில் முதன்மைப் பரிந்துரைக்குக் கீழே, வெளி வெப்பநிலைக்கு ஏற்ப அனுமதிக்கப்பட்ட மற்ற தடிமன்களும் ஒரு பட்டியலாகத் தரப்பட்டிருக்கும். 5டபிள்யூ-30 முதன்மையாக இருந்து, வெப்பமான ஊர்களுக்கு 10டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40-ம் அனுமதிக்கப்பட்டிருந்தால், ஐந்து பேரையும் சுமைகளையும் ஏற்றிக்கொண்டு அடிக்கடி ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுபவர் அந்த 40-ஐத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. முதல் இரண்டு கியர்களில் எஞ்சின் நெடுநேரம் உழைக்கும்போது ஆயிலின் வெப்பம் உண்மையாகவே ஏறுகிறது. பட்டியலில் உள்ள தெரிவு ஒன்றை எடுப்பதும், பட்டியலுக்கு வெளியே போவதும் வேறு வேறு.

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். ஒரே 5டபிள்யூ-30 எண் அச்சிட்ட இரண்டு டப்பாக்கள் ஒரே ஆயிலாக இருக்க வேண்டியதில்லை. 150 டிகிரி வெப்பத்தில், பேரிங்குக்குள் நேரும் கடும் அழுத்தச் சூழலில் ஆயில் எவ்வளவு தாங்குகிறது என்பதை எச்டிஎச்எஸ் என்ற அளவு காட்டுகிறது. ஜே300 தரநிலை 20 எண் ஆயிலுக்கு இதில் குறைந்தது 2.6-ம், 30 எண் ஆயிலுக்குக் குறைந்தது 2.9-ம் கேட்கிறது. ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏ-வின் சி3, ஏ3/பி4 ஆகிய தரங்களோ 3.5-க்குக் குறையக்கூடாது என்கின்றன. ஆகவே சி3 என்று அச்சிட்ட 5டபிள்யூ-30, வெறும் எரிபொருள் சிக்கனத்துக்காக உருவான 5டபிள்யூ-30-ஐவிட உச்ச வெப்பத்தில் வலுவான படலத்தைத் தருகிறது. வெப்பத்தை எண்ணிக் கவலைப்படுபவர், கையேடு இரண்டையும் ஏற்றுக்கொள்ளும் காரில், 20டபிள்யூ-50-ஐத் தேடுவதைவிட இந்த வரியைத் தேடுவது மேல்.

மினரல், செமி, ஃபுல் சிந்தெடிக்

வெயிலைப் பற்றிய கவலைக்கு உண்மையான விடை இருப்பது இந்தப் பகுதியில்தான். ஆயிலின் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய், மீதி சேர்மானங்கள். அடிப்படை எண்ணெயை ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரிக்கப்பட்ட மினரல் வகை. மூன்றாவது, அதே கச்சா எண்ணெயைக் கடுமையாக ஹைட்ரஜன் ஏற்றி மூலக்கூறுகளை மாற்றியமைத்தது. நான்காவது பிஏஓ என்ற செயற்கைத் தயாரிப்பு. எஸ்டர் போன்ற மற்றவை ஐந்தாவது. இன்று ஃபுல் சிந்தெடிக் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவையே. இதை ஏமாற்று என்று சிலர் சொல்வதுண்டு. நம் சாலைகளில் ஓடும் சாதாரண காருக்கு மூன்றாம் பிரிவு தாராளமாகப் போதும். செமி சிந்தெடிக்கில் மினரல் எவ்வளவு, சிந்தெடிக் எவ்வளவு என்பதை டப்பா சொல்வதில்லை. அதனால், எண்ணெயின் வகையைவிட அதன் மேல் உள்ள தரக் குறியீட்டையே நம்ப வேண்டியிருக்கிறது.

ஆயில் கெடுவது பெரும்பாலும் ஆக்சிஜனோடு அது வினைபுரிவதால். பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராய விதியின்படி, வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இந்த வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டு, ஏசி முழு வேகத்தில் ஓட, காற்றோட்டம் இல்லாமல் எஞ்சின் ஐடிலில் கிடக்கும் நிமிடங்களில் ஓடோமீட்டர் அசைவதில்லை, ஆயில் மட்டும் மூத்துக்கொண்டே போகிறது. இந்த நிலையில் மினரல் ஆயில் விரைவாகக் கெட்டிப்பட்டுக் கரிய பிசினாகப் படிகிறது. சிந்தெடிக் அதைவிட நெடுநாள் தாங்குகிறது. ஆவியாகிக் குறைவதிலும் வேறுபாடு உண்டு. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எடையில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்க்கும் நோயாக் சோதனையில், பெட்ரோல் கார் ஆயில்களுக்கான ஜிஎஃப்-6 தரம் அனுமதிக்கும் உச்சம் 15 சதவீதம், சி3 தரத்துக்கு 13 சதவீதம். நல்ல சிந்தெடிக் ஆயில்கள் இதற்கு நன்றாகக் கீழே நிற்கின்றன. சர்வீஸுக்கும் சர்வீஸுக்கும் நடுவே அளவு குறைந்துபோகிறது என்று குறைப்படுபவர்கள் இந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம்.

பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது, என்று கையேடு சொல்கிறது. அதே கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கு என்று இன்னொரு அட்டவணையும் பெரும்பாலும் இருக்கும். அதைப் படிப்பவர்கள் குறைவு. குறுகிய தூரப் பயணங்கள், நெடுநேர ஐடிலிங், புழுதிச் சாலை, மலையேற்றம் ஆகியவை அங்கே கடுமையான பயன்பாடாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். சத்துவாச்சாரியிலிருந்து சிஎம்சி மருத்துவமனை வரைக்கும், அங்கிருந்து பாகாயம் வரைக்கும் மட்டுமே ஓடும் கார் இதில் முதல் இரண்டையும் செய்கிறது. சில கிலோமீட்டரில் நின்றுவிடும் பயணத்தில் ஆயில் முழுதாகச் சூடேறுவதே இல்லை. அதில் கலந்த பெட்ரோலும் நீராவியும் வெளியேறாமல் அப்படியே தங்கிவிடுகின்றன. ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடியது, அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது இத்தகைய காருக்கு நல்லதன்று. சென்னைக்கும் பெங்களூருக்கும் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும் கார் இதைவிட மூன்று மடங்கு தூரம் ஓடியும் அதன் ஆயில் நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

அதனால் நகரத்துக்குள் மட்டும் ஓடும் காருக்கு, ஃபுல் சிந்தெடிக்கை ஊற்றி இரண்டு ஆண்டு ஓட்டுவதைவிட, கையேடு கேட்கும் தரத்தில் நடுத்தர விலையுள்ள ஆயிலை ஆண்டுதோறும் தவறாமல் மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். நெடுஞ்சாலைக் காருக்கு நேர்மாறாக, விலை கூடிய சிந்தெடிக் தன் விலையை மீட்டுத் தந்துவிடும். நெடுநாள் தாங்கும் ஆயிலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வடித்தெடுத்த பழைய ஆயில் அபாயக் கழிவு என்பதை 2016-ம் ஆண்டின் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரையின் நிலத்தடி நீர் கெட்டதை 1996-ல் உச்ச நீதிமன்றமே விசாரித்துத் தீர்ப்பளித்த பகுதி இது. சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயிலைச் சேகரித்துக் கொடுக்கும் பட்டறையைத் தேர்ந்தெடுப்பதையும் ஆயில் தேர்வின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

தரக் குறியீடும் டர்போ பெட்ரோலும்

ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு பெட்ரோல் எஞ்சினுக்குத் தரும் குறியீடு எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். எஸ்எம் 2004-ல் வந்தது, எஸ்என் 2010-ல், எஸ்பி 2020-ல், எஸ்க்யூ 2025-ல். புதியது பழையதன் இடத்தில் பயன்படும். பழையது புதியதன் இடத்தில் பயன்படாது. கடையின் பின்வரிசையில் எஸ்எல், எஸ்எம் என்று அச்சிட்ட டப்பா குறைந்த விலையில் கிடைத்தால் அதைப் புதிய காருக்கு வாங்கக்கூடாது. குறிப்பாக, சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் அதிக சுமை ஏறும்போது, பொறிக்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. அது பிஸ்டனையே உடைத்துவிடலாம். ஆயிலில் சுத்திகரிப்புக்காகச் சேர்க்கும் கால்சியம் உப்புகள் இதைத் தூண்டுகின்றன என்பது தெரிந்தபின், 2018-ல் எஸ்என் பிளஸ் தரத்தில் இதற்கான சோதனை சேர்க்கப்பட்டது. டைமிங் செயின் தேய்மானச் சோதனையோடு அது எஸ்பி தரத்திலும் தொடர்ந்தது. மூன்று சிலிண்டர் டர்போ கார் வைத்திருப்பவர் எஸ்பி அல்லது அதற்கு மேல் என்பதைத் தவிர வேறு எதையும் ஏற்கக்கூடாது. ஐரோப்பிய கார்களுக்கு ஃபோக்ஸ்வாகன் 504 00, மெர்சிடிஸ் 229.51 போன்ற நிறுவனங்களின் சொந்த அங்கீகார எண்கள் கேட்கப்பட்டிருந்தால் அவையே இறுதி.

டீசல் காரும் லாரி ஆயிலும்

லாரிப் போக்குவரத்து மிகுந்த நம் பகுதியில் அதிகக் கேடு விளைவது இந்தத் தேர்வில்தான். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை எந்தப் பட்டறையிலும் 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பீப்பாயில் இருக்கும். விலை குறைவு, லாரிக்கு நன்றாக உழைக்கிறது, கார் டீசலும் டீசல்தானே என்று அதையே காருக்கும் ஊற்றிவிடுவார்கள். பிஎஸ்4 என்ற முந்தைய புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் காலத்து டீசல் கார்களில் பலவற்றுக்கு, கையேடு அனுமதித்தால், இதனால் பெரிய தீங்கு இல்லை. 2020 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 விதிகளுக்குப் பிறகு நிலை வேறு. இந்தக் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. கரியை அது அவ்வப்போது தானே எரித்துத் தள்ளிவிடும். ஆயில் எரிவதால் உண்டாகும் உலோகச் சாம்பலை அதனால் எரிக்க முடியாது. அந்தச் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதை அடைத்துவிடுகிறது.

டீசல் ஆயிலுக்கான ஏபிஐ குறியீடுகளுள் 2002-ல் வந்த சிஐ-4 தரம் இந்த வடிகட்டி பரவலாவதற்கு முந்தையது. அதில் சாம்பலுக்கு வரம்பு இல்லை, அந்த ஆயில்களில் அது 1 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 2016-ல் வந்த சிகே-4 தரத்தில் வரம்பு 1 சதவீதம். கார்களுக்கான ஏசிஇஏ சி3 தரத்தில் 0.8 சதவீதம். கையேடு சி2 அல்லது சி3 என்று சொல்லும் டீசல் காரில் பீப்பாய் ஆயிலை ஊற்றினால் முதல் ஆண்டில் ஒன்றும் தெரியாது. எஞ்சின் சத்தம்கூடக் குறைந்ததுபோல் தோன்றலாம். பின்னர் வடிகட்டி அடைத்து மாற்ற வேண்டிவரும்போது ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்கு நல்ல ஆயில் வாங்கிவிடலாம். மற்றதில் எல்லாம் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

பிஎஸ்6 டீசலில் கவனிக்க வேண்டிய இன்னொன்று ஆயிலின் அளவு. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தும்போது, அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். நகரத்துக்குள் மட்டும் ஓடும் காரில் இந்த எரிப்பு பாதியில் நின்று நின்று தொடங்குவதால் ஆயில் மேலும் நீர்த்துப்போகிறது. அளவுக்கம்பியில் ஆயில் மேல் குறியைத் தாண்டி உயர்ந்திருந்தால் மகிழ்ச்சி கொள்ளக்கூடாது. அது டீசல் கலந்த ஆயில், உடனே மாற்ற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டிச் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிவந்தால் எரிப்பு முழுமையாக முடியும். டீசல் ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுப்பது மட்டும் கெட்டதற்கு அறிகுறி அன்று. கரியை அது பிடித்து வைத்திருக்கிறது என்றே பொருள்.

சிஎன்ஜி கார்களில் ஆயில் நெடுநாள் தெளிவாகவே தெரியும். அந்தத் தெளிவை நம்பி இடைவெளியை நீட்டக்கூடாது. எரிப்பு வெப்பம் கூடியிருப்பதால் ஆயில் உள்ளுக்குள் மூத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பழைய கார்கள்

கெட்டி ஆயிலுக்கு உண்மையான உரிமை இவற்றுக்குத்தான். 2014-ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசடரும் மாருதி 800-ம் இன்னும் ஆங்காங்கே நல்ல கைகளில் ஓடுகின்றன. அம்பாசடரின் பழைய பிஎம்சி வகை எஞ்சினுக்கு 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 மினரல் ஆயிலே பொருத்தம். புதிய எஸ்பி தரத்தின் மெல்லிய ஆயில்களில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகப் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பழைய எஞ்சினில் வால்வுகளைத் தள்ளும் தட்டையான டாப்பெட்டுகளுக்கோ அந்தப் பாஸ்பரஸ் தரும் காப்பு தேவை. 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில்களுக்கு இந்த வரம்பு இல்லை.

ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்து, நீலப் புகை விட்டு, சர்வீஸுக்கு நடுவே லிட்டர் கணக்கில் ஆயில் குடிக்கும் காரின் கணக்கும் வேறு. அதற்கு விலை உயர்ந்த 0டபிள்யூ-20 ஊற்றுவது வீண். கையேட்டில் உள்ளதைவிட ஒரு படி மேலே, 20 இருந்த இடத்தில் 30, 30 இருந்த இடத்தில் 40 என்று போவதால் ஆயில் செலவு கொஞ்சம் குறையும். பிஸ்டன் ரிங்கும் வால்வு சீலும் தேய்ந்ததை அது சரிசெய்யாது. எஞ்சினைப் பிரிக்கும் நாளைத் தள்ளிப்போட உதவும், அவ்வளவே. அதே காரியத்தை நல்ல நிலையில் உள்ள புதிய எஞ்சினில், பின்னால் தேயாமல் இருக்கட்டும் என்று முன்கூட்டியே செய்வதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

வாங்கும்போதும் ஊற்றும்போதும்

போலி ஆயில் உள்ள நாட்டில் டப்பாவின் சீல், தயாரிப்புத் தேதி, பில் மூன்றும் இல்லாமல் வாங்கக்கூடாது. காலி டப்பாவை உடைத்துப் போட்டுவிட்டால் அதில் வேறொன்றை அடைத்து விற்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும். எவ்வளவு ஆயில் ஊற்ற வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்து ஊற்றிய பிறகு, சமதரையில் நிறுத்தி அளவுக்கம்பியில் சரிபார்க்க வேண்டும். வாரன்டி இருக்கும்வரை நிறுவன சர்வீஸ் மையத்திலேயே மாற்றிப் பில்லை வைத்துக்கொள்வது நல்லது. அதன்பிறகு, நீங்கள் வாங்கிக் கொடுக்கும் ஆயிலை உங்கள் கண்ணெதிரே திறந்து ஊற்றும் நம்பிக்கையான மெக்கானிக் இருந்தால் அவரே போதும்.

காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் நாளெல்லாம் ஆட்களை ஏற்றி ஓடும் வாடகைக் காரின் உரிமையாளருக்கு மேற்சொன்ன அனைத்தும் ஒன்றாக வந்து சேர்கின்றன: நெரிசல், ஐடிலிங், ஏசி, ஆண்டுக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர். வண்டி பெட்ரோல் அல்லது சிஎன்ஜி என்றால் கையேட்டில் உள்ள தடிமனில் எஸ்பி தர ஃபுல் சிந்தெடிக்கை ஊற்றி, 10,000-க்குப் பதில் கடுமையான பயன்பாட்டு அட்டவணையில் உள்ள இடைவெளியில் மாற்ற வேண்டும். பிஎஸ்6 டீசல் என்றால் கையேடு கேட்கும் ஏசிஇஏ சி தரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய பிஎஸ்4 டீசல் என்றால், கையேடு அனுமதிக்கும்பட்சத்தில், சிகே-4 தர 15டபிள்யூ-40-ஐக் குறுகிய இடைவெளியில் மாற்றிக்கொண்டே இருப்பது கையைக் கடிக்காத, எஞ்சினையும் கெடுக்காத வழி.

ஆம்பூரைத் தாண்டிய பிறகு இரவில் ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் இந்த ஒப்பீடுகளை எல்லாம் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த விளக்கு அழுத்தம் விழுந்ததைக் காட்டுவது. உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, சில நிமிடம் கழித்து அளவுக்கம்பியைப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்திருந்தால், அருகில் கிடைக்கும் எந்த நல்ல எஞ்சின் ஆயிலையும், 15டபிள்யூ-40 ஆனாலும், இரண்டு குறிகளுக்கு நடுவில் வரும்வரை ஊற்றலாம். ஆயில் இல்லாமல் ஓடுவதைவிடத் தடிமன் மாறிய ஆயிலோடு ஓடுவது எத்தனையோ மேல். ஊற்றிக் கிளப்பியவுடன் விளக்கு அணைந்தால் மெதுவாக ஊர் வந்து சேர்ந்து, சில நாளுக்குள் கசிவு எங்கே என்று பார்த்து, முழுவதையும் வடித்துவிட்டு உரிய ஆயிலை ஊற்ற வேண்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் எஞ்சினை மறுபடியும் கிளப்பாமல் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும்.